பிரெட்சல் முறுக்கிய கை

என் மகனே,

இந்தக் கடிதத்தை வலது கையால் எழுதுகிறேன். மற்றதையெல்லாம் படிப்பதற்கு முன்னால் இதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். எழுத்து கொஞ்சம் சாய்ந்திருக்கும், அங்கங்கே 'ழ'வின் கால் நீளமாக இழுத்துக்கொண்டு போயிருக்கும். அது வயசால் வந்தது, கையால் வந்தது இல்லை. கை சரியாகிவிட்டது. நேற்றோ போன வாரமோ இல்லை, போன கார்த்திகையிலேயே சரியாகிவிட்டது. உன்னிடம் சொல்லாமல் எட்டு மாதமாகக் காலையில் உன்னை என் சட்டைப் பொத்தான் போட வைத்துக்கொண்டிருந்தேன்.

நீ ஆபீஸ் வேலையாகப் பெங்களூர் போயிருக்கிறாய், ஞாயிற்றுக்கிழமை திரும்பி வருவாய். திங்கட்கிழமை அந்த ஜெர்மனி வேலைக்குப் பதில் சொல்லியாக வேண்டும். கிளம்பும்போது வாசலில் ஷூ மாட்டிக்கொண்டே, "அதெல்லாம் பாத்துக்கலாம்பா, நீங்க டென்ஷன் ஆகாதீங்க" என்றாய். போன டிசம்பரில் முதல் தடவை அந்த வேலை வந்தபோதும் இதே வார்த்தையைச் சொல்லிவிட்டு, வரவில்லை என்று எழுதிப் போட்டாய். அதனால்தான் இந்த நான்கு நாளுக்குள் இதை எழுதி முடித்துவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். உனக்குத் தமிழ் படிக்க நேரம் ஆகும் என்று தெரியும். நாலாவது வகுப்புவரை நான்தான் உனக்கு எழுத்துக் கூட்டிச் சொல்லிக் கொடுத்தேன், அதற்குப் பிறகு நீயும் விட்டுவிட்டாய், நானும் விட்டுவிட்டேன். இங்கிலீஷில் எழுதியிருக்கலாம். ஆனால் இங்கிலீஷில் எனக்கு லீவ் லெட்டர்தான் எழுத வரும். இது அப்படி எழுதக்கூடிய விஷயம் இல்லை. மெதுவாகவே படி.

போன வருஷம் ஜூன் மாதம், மழை தொடங்கின வாரம், காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். பிரஷ் கையிலிருந்து விழுந்தது. குனிந்து எடுக்கப் போனால் கை என்னுடன் வரவில்லை. உன்னைக் கூப்பிட்டேன், வாயிலிருந்து வந்தது உன் பெயர் மாதிரி இல்லை. நீ ஓடி வந்து என் முகத்தைப் பார்த்த பார்வை இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. லிஃப்ட் வருவதற்குள் நீ எதிர் வீட்டு சுனந்தா தாயியின் கதவைத் தட்டி, அவர் கார் சாவியை வாங்கி, என்னை ஏறக்குறைய தூக்கிக்கொண்டே இறங்கினாய். சீக்கிரம் கொண்டு வந்தீர்கள், அதனால் பிழைத்தார் என்று டாக்டர் சொன்னார். பேச்சு பத்து நாளில் திரும்பியது. கை மட்டும் திரும்பவில்லை. யாரோ ஒரு ஆளின் கையைத் தோளில் தைத்து அனுப்பினது போல் தொங்கியது.

நான் போசரி ஃபாக்டரியில், அச்சு செய்கிற டூல் ரூமில் முப்பது வருஷத்துக்கு மேல் நின்றவன். இரும்பு அச்சை அரம் போட்டுத் தேய்த்து, கட்டைவிரலால் தடவிப் பார்த்தே இன்னும் மயிரிழை எடுக்க வேண்டும் என்று சொல்வேன், அளந்து பார்த்தால் அது சரியாக இருக்கும். என்னிடம் வேலை பழக வந்தவர்கள் கொஞ்சம் கோணலாகச் செய்தால் அந்த உருப்படியைக் கையில் வாங்கி, ஒன்றும் சொல்லாமல் குப்பைத் தொட்டியில் போடுவேன். அப்படிப்பட்ட ஆள் துணிக் கிளிப்பைத் திறந்து மூட வேண்டும், ரப்பர் பந்தை அமுக்க வேண்டும், மேசைமேல் கிடக்கிற பட்டாணியைப் பொறுக்கிக் கிண்ணத்தில் போட வேண்டும் என்று அந்த ஃபிசியோ பெண் சொன்னாள். எனக்கு அவமானமாக இருந்தது. ஒரு நாள் பந்தைப் பால்கனி வழியாக வீசினேன். சுனந்தா தாயி அதைப் பார்க்கிங்கிலிருந்து எடுத்து வந்து துடைத்து, நம் வீட்டு மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

அந்த வாரம் கணபதி வைத்திருந்தார்கள், கீழே ஒரே மேளச் சத்தம். நீ ஞாயிற்றுக்கிழமை காலையில் மைதா பாக்கெட்டை மேடையில் வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டாய்.

"அப்பா, உங்க ப்ராப்ளம் என்னன்னு நான் யோசிச்சேன். எந்த வேலை குடுத்தாலும் அது எப்படி இருக்கணும்னு உங்களுக்குத் தெரியுது. கை கோணலா போனா அதான் உங்களுக்குக் கோவம் வருது. உங்களுக்குத் தெரியவே தெரியாத வேலை ஒண்ணு பண்ணலாம்."

"என்ன வேலைலே?"

"பிரெட்சல்."

"வையிற மாதிரில்லா இருக்கு பேரு."

நீ போனில் படம் காட்டினாய். ஒரு ஆள் கையைக் கட்டிக்கொண்டு நிற்பது போல ஒரு ரொட்டி. ஸ்ட்ரோக் வருவதற்கு முந்தின வருஷம் மூன்று வாரம் ட்ரெய்னிங் என்று ஜெர்மனி போய் வந்தாயே, அப்போது அங்கே சாப்பிட்டது என்றாய். அங்கே உள்ளே ஒன்றும் இருக்காது, வெறும் ரொட்டிதான், நாம் உள்ளே உருளைக்கிழங்கு வைத்துச் செய்வோம் என்றாய். அந்தப் பயணத்தைப் பற்றி நீ என்னிடம் சொன்னது இந்த ரொட்டி ஒன்றைத்தான். எப்படி இருந்தது ஊர் என்று நான் கேட்டபோதும், "ரொட்டி நல்லா இருந்துச்சுப்பா" என்று மட்டும்தான் சொல்லியிருந்தாய். நானும் அதற்குமேல் கேட்கவில்லை. ஒரு அப்பா செய்கிற தப்புகளில் இது பெரிய தப்பு என்று இப்போது நினைக்கிறேன். பிள்ளை ஒரு வரியில் பதில் சொன்னால் நாம் நிம்மதியாகிவிடுகிறோம், அடுத்த வரி என்ன என்று கேட்பதில்லை. உனக்கு ஒரு நாள் குழந்தை பிறக்கும், அப்போது இரண்டாவது கேள்வியையும் கேள்.

முதல் நாள் நான் செய்தது மாவைப் பிசைந்தது மட்டும்தான். முக்கால் டம்ளர் பாலை வெதுவெதுப்பாக்கி, ஒரு ஸ்பூன் சர்க்கரையும் ஒரு ஸ்பூன் ஈஸ்ட்டும் போட்டு நீ மூடி வைத்தாய். சூடு சரியாக இருக்கிறதா என்று விரல் விட்டுப் பார்க்கச் சொன்னாய். வலது விரலை விட்டேன், ஒன்றும் தெரியவில்லை. நீ என் முகத்தைப் பார்க்காமல், "இடது கையால பாருங்கப்பா" என்றாய். பத்து நிமிஷத்தில் பால் நுரைத்துக்கொண்டு வந்தது. இரண்டு டம்ளர் மைதா, உப்பு, ஒரு கரண்டி வெண்ணெய், நுரைத்த பால், எல்லாவற்றையும் கலந்து தாம்பாளத்தில் கொட்டி என் முன்னால் வைத்தாய். அடிக்கையால் தள்ளு, மடி, திருப்பு, மறுபடி தள்ளு என்றாய். வலது கை மாவின்மேல் கிடந்தது, இடது கையை அதன்மேல் வைத்துத் தள்ளினேன். மாவு கோபித்துக்கொள்ளவில்லை. எப்படித் தள்ளினாலும் வாங்கிக்கொண்டது. பிறகு அதை ஈரத்துணி போட்டு ஒரு மணி நேரம் மூடி வைத்தோம். திறந்தால் இரண்டு மடங்கு உப்பியிருந்தது. நான் ஏதோ செய்து அது வளர்ந்திருக்கிறது என்று தோன்றியது. ஸ்ட்ரோக்குக்குப் பிறகு முதல் தடவையாக அன்றைக்குத்தான் பசித்துச் சாப்பிட்டேன்.

சாப்பிட்டது பிரெட்சல் இல்லை, அது உனக்கு ஞாபகம் இருக்கும். உருளைக்கிழங்கை நீ தண்ணீராக மசித்திருந்தாய். மாவைப் பட்டையாகத் தேய்த்து, நடுவில் கிழங்கை நீளமாக வைத்து, இரண்டு ஓரத்தையும் சேர்த்துக் கிள்ளி மூடி, கயிறு மாதிரி உருட்டி, முறுக்கி, சமையல் சோடா போட்ட கொதி தண்ணீரில் விட்டாய். விட்டதும் ஒவ்வொன்றாக வாயைத் திறந்தது. ஓவனில் வைக்க ஒன்றுமே மிஞ்சவில்லை. பாத்திரத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "அப்பா, ஆலு சூப்" என்றாய். நாம் இரண்டு பேரும் சிரித்த சத்தத்தில் சுனந்தா தாயி வந்து கதவைத் தட்டினார். பாத்திரத்தைப் பார்த்தார், மிச்சமிருந்த கிழங்கை விரலால் தொட்டுப் பார்த்தார். "கோர்டம் பாஹிஜே, காகா, கோர்டம்" என்றார். கிழங்கு காய்ந்திருக்க வேண்டும் என்று மராட்டியில் சொன்னார். மறு வாரம் அவரே வந்து வடா பாவுக்குச் செய்கிற மாதிரி மசாலா செய்து காட்டினார். வேகவைத்த கிழங்கை ஆறவிட்டுக் கையால் உதிர்க்க வேண்டும். கடுகு, கறிவேப்பிலை, இஞ்சி, பூண்டு, பச்சை மிளகாய், மஞ்சள் தாளித்துக் கொட்டி, வாணலியில் ஒட்டாமல் சுருண்டு வருகிறவரை வதக்கி, கடைசியில் நாலு சொட்டு எலுமிச்சை. முழுக்க ஆறின பிறகுதான் மாவுக்குள் வைக்க வேண்டும். அதற்குப் பிறகு ஒன்றுகூட வெடிக்கவில்லை. அரை நிமிஷம் சோடா தண்ணீரில் போட்டு எடுத்து, மேலே எள்ளும் கல்லுப்பும் தூவி, நன்றாகச் சூடேறிய ஓவனில் கால் மணி நேரம் வைத்தால் வெல்லப் பாகு நிறத்தில் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை தோறும் செய்தோம். முதலில் எனக்குக் கயிறு உருட்ட வராது, அதனால் நீ உருட்டினதை நான் கத்தியால் விரல் நீளத் துண்டுகளாக வெட்டுவேன், அதையே அப்படியே ஓவனில் வைத்துச் சாப்பிடுவோம். நவராத்திரிக்குள் ஓரத்தைக் கிள்ளி மூட வந்தது. தீபாவளிக்குக் கயிறு உருட்டினேன், ஒரு பக்கம் தடியாகவும் ஒரு பக்கம் ஒல்லியாகவும் வந்தது. ஒரு தடவைகூட நீ 'தப்பு' என்று சொல்லவில்லை. என்னிடம் வேலை பழகினவர்களுக்கு நான் அப்படி ஒரு நாள்கூட இருந்ததில்லையே என்று அப்போது நினைத்துக்கொள்வேன். அதில் ஒருத்தர் இப்போது சொந்தமாகப் பட்டறை வைத்திருக்கிறார், என்னைப் பார்க்க ஆஸ்பத்திரிக்கு வந்திருந்தார். என் கையைப் பார்த்துவிட்டு அழுதார். நான் அவர் செய்த உருப்படியை எத்தனை தடவை தொட்டியில் போட்டிருப்பேன்!

இப்போது சொல்ல வேண்டியதற்கு வருகிறேன். கார்த்திகை மாதம், ஒரு புதன்கிழமை மத்தியானம். நீ ஆபீஸில் இருந்தாய். நான் சும்மா இருக்க முடியாமல் தனியாகவே மாவு பிசைந்தேன். கயிறு உருட்டினேன். கிள்ளி மூடின இடத்தைக் கட்டைவிரலால் தடவினேன், ஒரு இடத்தில் மூடாமல் இருந்தது விரலுக்குத் தெரிந்தது. கண்ணால் பார்க்கவில்லை, விரலுக்குத் தெரிந்தது. நின்றுவிட்டேன். அந்த இடத்தை மறுபடி கிள்ளினேன். பிறகு இரண்டு நுனியையும் பிடித்துக் குறுக்கே போட்டு, ஒரு சுற்றுச் சுற்றி, கீழே கொண்டு வந்து ஒட்டினேன். உன் போன் படத்தில் இருந்தது போலவே வந்தது. ஆறு செய்தேன், ஆறும் ஒரே அளவு. அவற்றைத் தட்டில் வரிசையாக வைத்துவிட்டு உன்னைக் கூப்பிட போனை எடுத்தேன். வலது கையால்தான் எடுத்தேன். உன் பெயரை அமுக்கப் போகிற நேரத்தில்தான் அந்த ஜெர்மனி வேலை ஞாபகத்துக்கு வந்தது. இரண்டு வருஷம், ஜனவரியில் போக வேண்டும் என்று முந்தின வாரம் நீ சொல்லியிருந்தாய். "உங்க கை எப்படி ஆகுதுன்னு பாத்துட்டு முடிவு பண்ணலாம்" என்று சொல்லியிருந்தாய்.

போனைக் கீழே வைத்துவிட்டேன்.

ஆறு பிரெட்சலையும் தட்டோடு கொண்டுபோய் சுனந்தா தாயியிடம் கொடுத்தேன். பையனுக்குச் சர்ப்ரைஸ் தர வேண்டும், சொல்லிவிடாதீர்கள் என்றேன். அன்றைக்குச் சாயங்காலம் நீ வந்து, முகம் கழுவிவிட்டு, இரண்டு டம்ளரில் டீ போட்டுக் கொண்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தாய்.

"அப்பா, வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும்" என்றாய். பிறகு, "உங்க கை எப்படி இருக்கு? உண்மையா சொல்லுங்க" என்றாய்.

நான் வலது கையை நீட்டி டீ டம்ளரை எடுத்தேன். பாதி தூரம் கொண்டு வந்தேன். பிறகு விரலைத் திறந்துவிட்டேன்.

டீ உன் கால்மேல் கொட்டியது. நீ கத்தவில்லை. துணியை எடுத்து வந்து முதலில் என் வேட்டியைத் துடைத்தாய், பிறகு தரையை, கடைசியில் உன் காலை. "பரவால்லப்பா, இன்னும் நாள் ஆகும்" என்றாய். மறுநாள் அந்த வேலை வேண்டாம் என்று எழுதிவிட்டாய். உனக்குப் பதிலாக வேறு ஒருத்தர் போனார்; இப்போது அங்கே இன்னொரு இடம் வந்து மறுபடி உன்னைக் கேட்கிறார்கள்.

அதற்குப் பிறகு பகலில் எனக்கு இரண்டு கை, நீ வீட்டுக்கு வந்துவிட்டால் ஒரு கை. நீ கிளம்பினதும் பேப்பரில் குறுக்கெழுத்து போடுவேன், வெங்காயம் நறுக்குவேன், உன் சட்டையை இஸ்திரிகூடப் போட்டேன், நீ அதை இஸ்திரிக்காரர் கொண்டு வந்தார் என்று நினைத்துக்கொண்டாய். சாவிச் சத்தம் கேட்டதும் கையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். ஞாயிற்றுக்கிழமைகளில் உன் முன்னால் வேண்டுமென்றே கோணலாக முறுக்குவேன். நல்ல வேலை பழகின கையால் கெட்ட வேலை செய்வது எவ்வளவு கஷ்டம் என்று உனக்குத் தெரியாது. நீ ஒவ்வொன்றையும் எடுத்து நிமிர்த்தி ஓவனில் வைப்பாய். ஆனாலும் அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி அதைத்தான் செய்தேன்.

இது எனக்கு முதல் தடவையும் இல்லை. நீ பன்னிரண்டாவது முடித்தபோது திருச்சி காலேஜில் உனக்கு இடம் கிடைத்தது. நான் உன்னிடம் என்ன சொன்னேன்? "அம்மாவுக்கு முட்டி வலி, நீ இல்லாம கஷ்டப்படுவா." நீ உடனே புனேயிலேயே சேர்ந்துவிட்டாய். அன்றைக்கு உன் அம்மா சமையலறையில் வைத்து என்னை ஒரு பிடி பிடித்தாள். "உங்களுக்கு அவன விட மனசில்லன்னா உங்க மனசில்லன்னு சொல்லுங்க. என் முட்டிய எதுக்கு இழுக்கிய?" என்றாள். அவள் இருந்தவரை உன்னிடம் அதைச் சொல்லவில்லை, என்னைக் காப்பாற்றினாள். இப்போது அவள் போய் ஆறு வருஷம் ஆகிறது. அவள் முட்டியை இழுத்தவன், இந்தத் தடவை என் கையையே இழுத்தேன். நான் மட்டும் பத்தொன்பது வயசில் திருநெல்வேலியில் அப்பா முகத்தைப் பார்க்காமல் ரயிலேறி இங்கே வந்தவன். போகிறவனுக்கு இருக்கிற தைரியம் பின்னால் தங்கிவிடுகிறவனுக்கு வருவதில்லை. அவ்வளவுதான் காரணம், வேறு பெரிய காரணம் ஒன்றும் இல்லை. நீ போய்விட்டால் சாயங்காலம் சாவிச் சத்தம் கேட்காது என்று பயந்தேன்.

இங்கே வரைக்கும் எழுதிவிட்டு வெள்ளிக்கிழமை பேனாவை மூடி வைத்தேன். கடிதத்தை மேசைமேல் வைத்துவிட வேண்டும், நீ படிக்கிற நேரத்தில் நான் சுனந்தா தாயி வீட்டில் போய் உட்கார்ந்துகொள்ள வேண்டும் என்பது என் திட்டம். அவ்வளவு தைரியசாலி உன் அப்பா. ஆனால் இன்றைக்குச் சனிக்கிழமை மத்தியானம் நீ போன் பண்ணினாய். சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா, தாயி வந்தாங்களா என்று வரிசையாகக் கேட்டாய். "சட்டை யாருப்பா போட்டு விட்டா?" என்று கேட்டாய் பார், அங்கேதான் நான் உடைந்துவிட்டேன்.

"நானே போட்டேன்லே. என் கை சரியாயிட்டு."

உன் ரூம் ஜன்னல் வழியாகப் பெங்களூர் ரோட்டின் ஹாரன் சத்தம் கேட்டது.

"எப்பமோ சரியாயிட்டு. போன டிசம்பர்லயே. அன்னைக்கு டம்ளர நாந்தான் போட்டேன்."

"தெரியும்பா."

"என்ன தெரியும்?"

"எல்லாம். அன்னைக்கு லிஃப்ட்ல தாயியப் பாத்தேன். உன் அப்பா எவ்வளவு அழகா பண்ணியிருக்காருன்னு தட்டைக் காமிச்சாங்க. ஆறு இருந்துச்சு. அதுக்கப்புறம்தான் டீ போட்டேன்."

நீ தெரிந்துகொண்டுதான் எதிரில் வந்து உட்கார்ந்தாய். தெரிந்துகொண்டுதான் 'உண்மையா சொல்லுங்க' என்று கேட்டாய். தெரிந்துகொண்டுதான் என் வேட்டியைத் துடைத்தாய். எட்டு மாதம் என் பொத்தானைப் போட்டாய்.

"அப்ப ஏன்லே போகல? என்னக் கேட்டிருக்கலாம்ல, சண்டை போட்டிருக்கலாம்ல?"

அப்போதுதான் நீ சொன்னாய். அதை அப்படியே எழுதி வைக்கிறேன், நீயே பின்னால் மறந்துவிடக் கூடாது.

"எனக்கும் போக பயமா இருந்துச்சுப்பா. அந்த மூணு வாரம் யாரும் என்கிட்ட பேசல. ஆபீஸ்ல வேலை மட்டும் பேசுவாங்க, அஞ்சு மணி ஆச்சுன்னா எல்லாரும் போயிருவாங்க. ஸ்டேஷன்ல ஒரு ரொட்டிக் கடை அம்மா மட்டும் என்னப் பாத்து தினமும் சிரிப்பாங்க. அதுக்காகவே போய் ரெண்டு பிரெட்சல் வாங்குவேன். டம்ளர் விழுந்தப்ப எனக்குக் கோவம் வரல. அப்பாடான்னு இருந்துச்சு. உங்க கைய சாக்கா வச்சு நான்தான் தப்பிச்சேன். உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

மகனே, நான் உன்னைக் கட்டிப் போட்டேன் என்று எட்டு மாதம் வெந்துகொண்டிருந்தேன், நீயோ என் கைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன் என்று வெந்துகொண்டிருந்திருக்கிறாய். இரண்டு பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து மாவு உருட்டிக்கொண்டு, ஒருவருக்கொருவர் பாவம் பார்த்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறோம். அப்போது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதலில் நீ நான் அழுகிறேன் என்று நினைத்தாய். "அப்பா? அப்பா?" என்றாய். பிறகு நீயும் சிரித்தாய்.

"சரி, இப்ப சொல்லு. போகணும்னு ஆசை இருக்கா, இல்லையா? என் கைய விடு, உன் பயத்தையும் விடு. ஆசை இருக்கா?"

"இருக்குப்பா. பயமும் இருக்கு."

"பயம் இருக்கட்டும். நான் புனே ஸ்டேஷன்ல எறங்கினப்ப எனக்கு ஒரு வார்த்தை இந்தி தெரியாது, மராட்டி தெரியாது. மூணு நாள் வாழைப்பழம்தான் தின்னேன், கைய நீட்டிக் காட்டினா குடுத்துருவாங்கன்னு. உன் அம்மாகிட்டகூட அத நான் சொன்னதில்ல."

"எங்கிட்ட தைரியமா வந்தேன்னு சொன்னீங்க?"

"பொய் சொன்னேன்."

இதைத்தான் உனக்கு நான் முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும். போசரியில் நான் சேர்ந்த கதையை உனக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன், எல்லாத் தடவையும் வீரனாகத்தான் சொன்னேன். பயந்த கதையைச் சொல்லியிருந்தால் நீ ஜெர்மனியிலிருந்து வந்த அன்றைக்கே உன் பயத்தை என்னிடம் சொல்லியிருப்பாய். பிள்ளைகளுக்கு நாம் ஜெயித்ததை மட்டும் சொன்னால், தோற்கிற நாளில் அவர்கள் நம்மிடம் வரமாட்டார்கள். போகிற இடத்தில் ஆறு மாதம் கழித்து, முடியவில்லை, வருகிறேன் என்று உனக்குத் தோன்றினால் வந்துவிடு. அது தோல்வி என்று நான் நினைக்கமாட்டேன், யாரையும் நினைக்கவும் விடமாட்டேன். ஆனால் திரும்பி வருவதற்கு என் உடம்பைக் காரணமாகச் சொல்லாதே. உனக்குப் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டு வா. நானும் இனிமேல் உன்னிடம் எது கேட்டாலும் எனக்கு வேண்டும் என்று சொல்லித்தான் கேட்பேன். தனியாக இருக்கிறது என்றால் தனியாக இருக்கிறது என்பேன், மார் வலிக்கிறது என்று சொல்லமாட்டேன்.

நீ போனை வைக்கவில்லை. ஒரு நிமிஷம் இருங்கப்பா என்றாய். லேப்டாப்பில் தட்டுகிற சத்தம் கேட்டது. நான் காத்திருந்தேன். கீழே காய்கறி வண்டிக்காரர் கூவிக்கொண்டு போனார்.

"அனுப்பிட்டேன்பா. வரேன்னு எழுதிட்டேன். திங்கக்கிழமை வரைக்கும் வெச்சா மறுபடி மாத்திருவேன்."

"நல்லது."

"அக்டோபர்ல போகணும்."

"சரி."

"அப்பா, நீங்க ஓகேவா?"

"ஓகே இல்லலே. ஆனா நீ போ."

அவ்வளவுதான் பேசினோம். போனை வைத்த பிறகு எதிர் வீட்டுக்குப் போய் சுனந்தா தாயியிடம் சொன்னேன். லிஃப்ட்டில் தட்டைக் காட்டினதற்கு அவரை வைய வேண்டும் என்றுதான் போனேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, நீங்கள் பையனிடம் நடிப்பது எனக்கும் எட்டு மாதமாகத் தெரியும், கடுகு டப்பா வாங்க வரும்போதெல்லாம் வலது கையை நீட்டுவீர்கள், பையன் கூட வந்தால் இடது கையை நீட்டுவீர்கள் என்றார். என்னைச் சுற்றி எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. எனக்கு வெட்கப்படக்கூட நேரம் தராமல், அக்டோபருக்குள் அவருக்கும் பிரெட்சல் முறுக்கச் சொல்லித் தர வேண்டும் என்றார். அவர் பேத்தி பிறந்தநாளுக்கு முப்பது வேண்டுமாம்.

உன் ரயில் நாளைக்குக் காலையில் எத்தனை மணிக்கு வரும் என்று நீ சொல்லவில்லை, நான் விசாரித்துக்கொண்டேன். ஸ்ட்ரோக் வந்த பிறகு நான் தனியாக நம் கோந்த்வா ஏரியாவை விட்டு வெளியே போனதில்லை. நாளைக்குப் பஸ் பிடித்து ஸ்டேஷனுக்கு வருகிறேன். நீ இறங்குகிற இடத்தில் நிற்பேன். இந்தக் கடிதத்தை உன் கையில் கொடுப்பேன், ரிக்‌ஷாவில் படித்துக்கொண்டே வா, புரியாத எழுத்தைக் கேள், சொல்லித் தருகிறேன். உன் பையை மட்டும் என்னிடம் கொடுத்துவிடு. வேண்டாம்பா என்று சொல்லாதே.

உன் அப்பா